நசுக்கிடாமல் நகர்ந்த அறை

அந்த அக்கா ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடாத ஆள் ஒக்லாந்தில் மிச்சம் இருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பஸ் ஓட்டுகிறவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். நியூ லின் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம், இந்தச் செருப்பு காலைக் கடிக்காதா என்று கேட்பார். டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால், கடைக்காரருடைய மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததா என்று கேட்டு, சரிவராத காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பாலை மறந்துவிட்டு வருவார்.

நான் இதற்கு நேர்மாறான ஆள். சூப்பர் மார்க்கெட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு, எல்லா வரிசையையும் சுற்றிவிட்டு, உப்பில்லாமலே வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இங்கிலீஷ் என் வாய் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால்தான் மவுண்ட் வெல்லிங்டனில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வீடுகளை நிறுத்தி வைக்கும் யார்டில் கழுவித் துடைக்கிற வேலை எனக்குப் பிடித்துப்போனது. கேரவன் கழுவுகிறவனிடம் யாரும் கதை கேட்பதில்லை.

அக்கா கேட்டார்.

நான் ஏணியில் நின்று ஒரு கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாளி சரிந்து தண்ணீர் முழுவதும் என் மேலேயே கொட்டியது. "ஐயோ கடவுளே" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"தமிழா நீங்க?" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் பெரிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஓம்" என்றேன்.

"ஓமா? அப்ப சிலோனு. யாழ்ப்பாணமா? எப்ப வந்தீங்க? கல்யாணம் ஆயிடுச்சா? ஏன் ஆகல? பொண்ணு கேக்கக் கூச்சமா இருந்துச்சா?"

நான் ஏணியில் இருந்து இறங்கி முடிப்பதற்குள் என்னைப் பற்றிய முழு விபரமும் அவர் கையில் இருந்தது. தன்னுடையதையும் சொன்னார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். நியூ லின் மாலில் துணிக்கடை வேலை. கணவர் காரில் இருக்கிறார். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோயிற்று. இந்தக் கேரவன் இன்றைக்குத்தான் வாங்கியது, இனி இந்த யார்டில்தான் நிற்கப்போகிறது.

"இவ்வளவும் கேக்கலாமா அக்கா?" என்று நான் பிறகு ஒருநாள், நன்றாகப் பழகிய பின், கேட்டேன்.

"கேட்டா என்ன தம்பி, வாயில இருக்கிற முத்து உதிர்ந்திருமா?" என்றார்.

அந்தக் கேரவனையே அவர் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். ஒருநாள் கடற்கரைப் பூங்காவில், கேரவன் நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் போய், உள்ளே பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, ஒரு பட்டனை அமத்திக் காட்டினார்கள். கேரவனின் ஒரு பக்கச் சுவர், இருக்கை, மேசை, ஜன்னல் எல்லாவற்றோடும் மேசை லாச்சியை இழுத்ததுபோல வெளியே போனது. நடுவில் ஒரு கூடமே வந்துவிட்டது. அதற்கு ஸ்லைட் அவுட் என்று பெயர். நாங்கள் ஸ்லைட் என்றுதான் சொல்வோம். ஓடும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், நிறுத்திய இடத்தில் வெளியே தள்ளிக்கொள்ளலாம்.

அக்கா கேட்ட அடுத்த கேள்வி, "இதில் ஒரு சக்கர நாற்காலி முழுதாகத் திரும்புமா?" என்பது. அந்த வெள்ளைக்காரர் தன் குடையைத் தரையில் வைத்து இங்கும் அங்கும் அளந்து பார்த்து, திரும்பும் என்றார். ஸ்லைட் வெளியே வந்தால் மட்டும் திரும்பும், வராவிட்டால் ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நடக்கலாம் என்றும் சொன்னார்.

திரும்பும் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா அதைப்போல ஒன்றைத் தேடி வாங்கினார். அண்ணன், அவருடைய கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், நோய் வந்த பிறகு வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறெங்கும் போகச் சம்மதிக்கவில்லை. பிறர் வீட்டில் வாசற்படி, குளியலறை, எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கை வேண்டும். அது அவருக்கு வேண்டாம். அதோடு, பேச்சும் குழறிப்போயிருந்தது. அவர் ஒன்று சொன்னால் மற்றவர்கள் "என்ன?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு தடவை அப்படிக் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். வெளியாட்களிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவருக்கும் சேர்த்து அக்காவே கேட்டார், அவருக்கும் சேர்த்து அக்காவே பதிலும் சொன்னார். "அண்ணன் எப்படி இருக்கிறீங்கள்?" என்று நான் அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டால், "நல்லாருக்காரு தம்பி, ராத்திரி மட்டும் கொஞ்சம் கால் இழுக்குது" என்று பக்கத்தில் இருந்து வரும். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். அது சிரிப்பா சலிப்பா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அக்கா இப்படித்தானாம். பெரிய டாக்டர் வந்து நின்றபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் திரும்பியபோது, "இது உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அந்த டாக்டர் திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். என் அப்பாவாக இருந்தால் வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டேன், வெளியே கூட்டிக்கொண்டு போவேன் என்றாராம். அதற்குப் பிறகு அக்காவுக்கு வேறு மருந்தில் நம்பிக்கை இருக்கவில்லை.

கேட்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அக்கா பத்துப் பேரைக் கேட்பார், பத்துப் பேர் சொன்னதையும் செய்வார். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதற்கு எதிராக இருந்தாலும் செய்வார். யாருடைய மனமும் கோணக்கூடாது.

கேரவன் வாங்கிய புதிதில், ஸ்லைடைச், சுற்றிவர இருக்கிற ரப்பர் காய்ந்துபோகாமல் இருக்க என்ன போடலாம் என்று கோயிலில் யாரையோ கேட்டிருக்கிறார். எண்ணெய் போடச் சொன்னார்கள். எண்ணெய் என்றால் நம் வீட்டில் எது? தேங்காய் எண்ணெயை ஒரு துணியில் தோய்த்து, ரப்பர் முழுவதும் தலைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டார். அடியில் இருக்கிற ரெயிலுக்கும் பூசினார். கோடையில் ஒன்றும் தெரியவில்லை. ஜூன் மாதம்தான் இங்கே குளிர்காலம், குளிர் பிடித்த ஒரு காலையில் ஸ்லைட் அசையமாட்டேன் என்றது. போய்ப் பார்த்தேன். ரப்பரைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று மெழுகுபோல உறைந்து கிடந்தது. அதற்குள் தூசி, பொஹுடுகாவா மரத்தின் சிவப்புப் பூ நார், இரண்டு மூன்று எறும்பு.

"அக்கா, இது ஒக்லாந்து. இங்க தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டிப்பட்டுப் போகும்."

"தெரியும் தம்பி. தலைக்குத் தேய்க்க அடுப்புப் பக்கத்துல வெச்சுத்தானே எடுக்கறேன்."

"அப்ப இதுக்கு ஏன் போட்டீங்கள்?"

"அவங்க சொன்னாங்களே" என்றார்.

வெந்நீரில் துணி நனைத்து எல்லாவற்றையும் வழித்து எடுத்தேன். அன்றைக்கு என்னையும் கேட்டார். இதை எப்படித்தான் வைத்துக்கொள்வது, தம்பி, நீங்கள் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது எல்லாம் எங்கள் முதலாளி செய்வதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். அவர் வெள்ளைக்காரர், திருத்த வேலை எல்லாம் அவரே செய்வார். அவர் செய்கிற மாதிரியே சொன்னேன். கேரவன் முதலில் சமமாக நிற்கவேணும். பற்றரி நிறைந்திருக்கவேணும். கூரையில் குப்பை இருந்தால் கூட்டவேணும், இல்லாவிட்டால் அது உள்ளே போகும். ரப்பரைத் துடைத்து சிலிக்கன் ஸ்ப்ரே அடிக்கவேணும். ரெயிலுக்குக் கிரீஸ் ஆகாது, தூசி பிடிக்கும், காய்ந்துபோகிற ஸ்ப்ரேதான் நல்லது. மாதக் கணக்கில் மூடிவைக்காமல் இடைக்கிடை திறந்து மூடவேணும்.

அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"பட்டனை அமத்தும்போது ஒன்றை மட்டும் மறக்காதேங்கோ அக்கா. நசுக்கிடாமல் போகவேணும். அதுதான் கணக்கு."

எங்கள் பக்கத்தில் நசுக்கிடாமல் என்றால் மூச்சுக் காட்டாமல், ஒரு சத்தமும் இல்லாமல் என்று அர்த்தம். பிள்ளை நசுக்கிடாமல் படுத்திருக்கிறான் என்போம். நல்ல ஸ்லைட் சத்தம் போடாது, போட்டால் கையை எடுத்துவிட வேண்டும். இதைத்தான் சொன்னேன். அக்காவின் ஊரில் அந்தச் சொல்லே கிடையாது, அவர் காதில் அது வேறாக விழுந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"நசுக்கிடாம. சரி தம்பி" என்றார். தனக்குள் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஸ்லைடைத் திறக்க வரும்போதெல்லாம் ஒரு காரியம் செய்தார். பட்டனில் கை வைக்கும் முன் வெளியே வந்து, குனிந்து, ஸ்லைட் வருகிற வழியெல்லாம் பார்ப்பார். எங்கள் யார்டில் மழை விட்டால் நத்தைகள் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் எடுத்து, வேலி ஓரப் புல்லில் கொண்டுபோய் விடுவார். எறும்பு வரிசை போனால் ஊதி விலக்குவார். நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பேன். இந்த அக்காவுக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் ஸ்லைட் வடிவாக வேலை செய்தது. அண்ணன் ஒருநாள் யார்டில் வைத்து, சாய்பலகையில் ஏறி உள்ளே போய், இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்தார். தலையை ஒரு தடவை ஆட்டினார். அடுத்த வாரமே ஒரேவா கடற்கரை முகாமுக்குக் கிளம்பினார்கள். அக்காவே கேரவனை இழுத்துக்கொண்டு ஓட்டினார். அந்த ஓட்டத்தையும் யாரையோ கேட்டுத்தான் படித்திருந்தார்.

ஒரேவாவில் நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அவர் குரல் தணிந்து கதைத்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

காற்றாக இருந்ததால் அண்ணனை முதலில் உள்ளே ஏற்றிவிட்டு, பிறகு பட்டனை அமத்தியிருக்கிறார். ஸ்லைட் பாதி வந்தது. முனகியது. ஒரு பக்கம் முன்னே போக, மறுபக்கம் நின்றுவிட்டது. கோணலாக இறுகிக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. நடுவில் சக்கர நாற்காலியில் அண்ணன். திரும்ப வழியில்லை. கட்டிலுக்குப் போக வழியில்லை. அக்கா வெளியே ஓடி, அக்கம்பக்கத்தில் முகாம் போட்டவர்களைக் கேட்டார். கேட்டதும் வந்தார்கள். நாற்காலியோடு அவரைத் தூக்கி, முதுகுப் பக்கமாக வெளியே இறக்கினார்கள். சக்கரம் புல்லில் பட்டதும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"நல்ல மனசோடதான் தட்டினாங்க தம்பி. அதுதான் இவருக்குத் தாங்கல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு."

அந்த முகாம்காரர்களே ஸ்லைடைக் கையால் சுழற்றி எப்படியோ உள்ளே ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அண்ணன் ஒரே ஒரு சொல் சொன்னார்: "வித்துடு."

முதலாளி பார்த்தார். பட்டனை அமத்தினார், முனகலைக் கேட்டார், மோட்டார் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றார். சாமான் அமெரிக்காவில் இருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்த நிலையிலேயே எடுத்துத் திருத்திக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார், சனிக்கிழமை பார்க்க வருவார் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அக்கா அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு தடவை முயற்சி செய்வோம். வந்தால் வைத்துக்கொள்வோம், வராவிட்டால் அந்த ஆளிடமே கொடுத்துவிடுவோம், அதற்குப் பிறகு உங்களை எங்கேயும் கூப்பிடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் சொன்னதற்காகத்தான் அண்ணன் சம்மதித்தார் என்பது அக்காவுக்கும் தெரியும்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. அண்ணன் தகரக் கொட்டகையின் நிழலில், கேரவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் விடியவே வந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து வைத்திருந்தேன். சமம் பார்த்தாயிற்று. பற்றரி நிறைந்திருந்தது. கூரை கூட்டி, ரப்பர் துடைத்து, வெளியே தெரிந்த ரெயிலில் ஸ்ப்ரே அடித்தாயிற்று. அக்கா சுற்றிவந்து குனிந்து பார்த்தார். அன்றைக்கு நத்தை ஒன்றும் இருக்கவில்லை.

பட்டனை அமத்தினார். ஸ்லைட் பாதி வந்தது. முனகியது.

"கையை எடுங்கோ அக்கா" என்றேன்.

எடுத்தார். அண்ணனின் பிடரியைத்தான் பார்த்தேன், அது அசையவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க அன்னிக்கே சொன்னீங்கல்ல. நசுக்கிடாம போகணும், அதுதான் கணக்குன்னு."

"ஓம்."

"அப்ப இது எதையோ நசுக்குது. வெளிய ஒண்ணுமில்ல, நானே பாத்துட்டேன். அப்ப உள்ளதான். உள்ள எங்க நசுக்குது?"

நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று விளங்காமல் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் ஏறிவிட்டார். ஸ்லைடில் இருந்த மெத்தைகள் ஒவ்வொன்றாக வாசல் வழியே பறந்து வந்தன. அரிசி டின் வந்தது. குக்கர் வந்தது. இட்லிப் பானை வந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றித் தரச் சொன்னார், கழற்றினேன். கீழே ஓர் இருட்டான இடைவெளி. பல்லுச் சக்கரமும் ரெயிலும் அதற்குள்தான் சந்திக்கின்றன. எங்கள் யாருடைய கண்ணும் அதற்குள் போனதில்லை. அக்கா தரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார்.

"பாத்து அக்கா, கை."

"இருங்க. என்னமோ இருக்கு. துணி மாதிரி. வரமாட்டேங்குது." முகம் சிவந்துபோனது. "வருது."

கை வெளியே வந்தது. அதில் ஒரு கறுப்புத் துணி, கிழிந்து, நசுங்கி. துணிக்குள் வெள்ளைக் கட்டி உடைந்து பாதி தூளாகிக் கிடந்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"என்னக்கா அது?"

"படிகாரம்."

"படிகாரம் எப்படி இதுக்குள்ள வந்தது?"

"நாந்தான் கட்டினேன்" என்றார். "ஒரேவா கிளம்பறதுக்கு முந்தின நாள். ஏர்போர்ட் பக்கம் மங்கரேல ஒரு அம்மா இருக்காங்க. கேரவன் பெருசா இருக்கு, கண்ணு பட்டுடும், என்ன செய்யலாம்னு கேட்டேன். படிகாரத்தக் கறுப்புத் துணியில முடிஞ்சு, யார் கண்ணுக்கும் தெரியாத எடத்துல கட்டுன்னாங்க. வெளிய குனிஞ்சு, அடியால கைய விட்டுக் கட்டினேன், இத விடத் தெரியாத எடம் எது தம்பி?"

முடிச்சு தளர்ந்து, துணி சரிந்து, பல்லுச் சக்கரத்தின் வாய்க்குள் போயிருக்கிறது.

வெளியே ஒரு சத்தம் கேட்டது. இருமல்போல இருந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று நான் ஓடப் பார்த்தேன். திணறவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும்... யார்கிட்டயாவது... கேளு" என்றார் அக்காவைப் பார்த்து.

"கேப்பேன்" என்றார் அக்கா. "கேக்காம இருந்தா இந்தக் கேரவனே கெடச்சிருக்காது. கட்டினதும் நான், எடுத்ததும் நான். உங்களுக்கென்ன வந்துச்சு?" சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

பழைய பல் துலக்கும் பிரஷால் சக்கரத்தின் பல் இடுக்கெல்லாம் சுரண்டினேன். வெள்ளைத் தூள் முழுவதையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். காயவிட்டேன். ஸ்ப்ரே அடித்தேன். கோணலாக நின்ற பக்கத்தைக் கையால் சுழற்றி நேராக்கினேன். அக்கா பட்டனை அமத்தினார்.

ஸ்லைட் கிளம்பியது. இரண்டு பக்கமும் ஒன்றாகப் போனது. கடைசி வரைக்கும் போய், ரப்பர் சட்டத்தில் அமர்ந்து நின்றது. வேலிக்கு அப்பால் லொறி போகிற சத்தம்தான் கேட்டது.

"பாத்தீங்களா அக்கா, நசுக்கிடாமல் போகுது."

"ஆமா தம்பி. எதையும் நசுக்கல" என்றார். "நீங்க அன்னிக்குச் சொன்னப்பவே இவர்கிட்ட சொன்னேன், அந்தத் தம்பி நத்தைக்கும் எறும்புக்கும் கூடப் பாவம் பாக்குற மனுஷன்னு. அதான் நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்து எடுத்து விட்டேன். இன்னிக்கு உங்க சொல்லுதான் காப்பாத்துச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒக்லாந்து முழுவதையும் கேள்வி கேட்ட அக்கா, அந்தச் சொல்லை மட்டும் என்னவென்று கேட்கவில்லை. தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டார். கேட்டிருந்தால் நான் சத்தம் என்று சொல்லியிருப்பேன். சத்தத்தைத்தான் எல்லோரும் கேட்டோமே. அதனால் ஒன்றும் நடக்கவில்லையே.

விளக்கிச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, நானும் நசுக்கிடாமல் இருந்துவிட்டேன்.

அவர்கள் இப்போது மெல்போர்னில் மகன் இருக்கிற இடத்துக்குப் பக்கமாகப் போய்விட்டார்கள். போகும் வரைக்கும் அந்தக் கேரவன் வடக்கே போய்வந்தது, தெற்கே போய்வந்தது, எங்கள் யார்டில் நின்ற நாட்கள் குறைவு. தொலைபேசியில் அக்கா இன்னமும், "தம்பி, நத்தையெல்லாம் நல்லாருக்கா?" என்பார். நல்லாயிருக்கு அக்கா என்பேன்.

ஆனால் அன்றைக்கு, அந்தச் சனிக்கிழமை, ஸ்லைட் வெளியே வந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. அண்ணன் ஏறவேண்டுமே. அக்கா அவரைக் கேட்கவில்லை. சாய்பலகையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்தார். பிறகு தள்ளச் சொல்லி என்னிடம் கை காட்டினார். உள்ளே போனதும் கையை எடுக்கச் சொன்னார். இடது கையாலும் இடது காலாலும் தானே உந்தினார். ஒரு சக்கரம் மேசைக் காலில் இடித்தது. பின்னே வந்து மறுபடி உந்தினார். மெல்ல, மெல்ல, முழுவதும் திரும்பி, வாசலைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல் நிறைய வெயில்.

நாங்கள் ஒருவரும் கை தட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வாங்க வந்த ஆளோடு வந்தார். அரைக் காற்சட்டை போட்ட பெரிய உருவம், நல்ல மனிதர். ஸ்லைட் முழுதாக வெளியே நிற்பதைப் பார்த்து முதலாளி புருவத்தைத் தூக்கினார். அந்த ஆள் வாசலில் தலையை நீட்டி, உள்ளே இருந்த அண்ணனுக்கு வணக்கம் சொல்லி, எவ்வளவுக்குத் தருவதாக உத்தேசம் என்று கேட்டார்.

அக்கா வழக்கம்போல முன்னே ஓரடி வைத்து வாயைத் திறந்தார். உள்ளே அண்ணனின் இடது கை உயர்ந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"இது விற்பனைக்கு இல்லை" என்று அண்ணன் சொன்னார். இங்கிலீஷில் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று மூச்சு எடுத்தார். சொற்கள் குழறித்தான் வந்தன.

"என்ன சொன்னீர்கள்?" என்றார் அந்த ஆள், காதை முன்னே கொண்டுவந்து.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விதான் அண்ணனை இவ்வளவு காலமும் பேசவிடாமல் வைத்திருந்தது.

அண்ணன் முதலில் இருந்து தொடங்கினார். இந்த முறை இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். கடைசிச் சொல் முடிந்ததும், "மன்னிக்கணும். வந்ததுக்கு நன்றி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஆள் நேராக நின்றார். நல்லது, நானாக இருந்தாலும் விற்கமாட்டேன் என்று சொல்லி, அண்ணனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். முதலாளி படிகாரத் துணியைத் தரையில் இருந்து எடுத்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொல்ல முடியாது. "மோட்டார் நல்லது" என்று மட்டும் சொன்னேன்.

மெத்தைகளையும் அரிசி டின்னையும் திரும்ப உள்ளே ஏற்றினோம். அண்ணனைக் காரின் முன் இருக்கைக்கு மாற்றிவிட்டு, ஸ்லைடை உள்ளே இழுத்துக்கொண்டோம். அக்கா கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாமாங்க?" என்று கேட்டார்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். நாங்கள் பொறுத்திருந்தோம்.

"ஒரேவா" என்றார்.

நான் கேரவனைக் காரோடு மாட்டிவிட்டு, ஓடிப்போய் யார்டின் பெரிய கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டேன்.